கியர் பெட்டியைக் கழற்ற முதல் அந்தக் கேபிளைப் பாருங்கள்

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்பாவின் கார் ரொயோட்டா கொரோனா, சி.ரி. 170. 2சி டீசல் எஞ்சின், ஓவர்ட்ரைவ் (நான்காம் கியர்) பட்டன் உள்ள ஓட்டோ கியர். இரண்டு மாதமாக, ஒன்றாம் கியரில் இருந்து இரண்டுக்குப் போகும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறதாம். வண்டி ஒரு கணம் பிடிமானம் இல்லாமல் நின்று, மறுகா இழுக்கிறதாம். முன்பைவிட நேரத்தோடே கியர் மாறிவிடுகிறது என்றும் சொல்கிறார். ஊருக்குள் ஓடச் சமாளிக்கலாம். ஆனால் பதுளைக்குப் போகையில் பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் வண்டி வழுக்கி, ஒயில் எரிகிற மணமும் வந்திருக்கிறது. காட்டிய இடத்தில் "கியர் பெட்டி முடிஞ்சு, பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் பெட்டி ஒண்டு எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சிகாவத்தை, கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கிற இடம். பெட்டி வாங்குவதா, காரையே விற்பதா என்பதுதான் அவருடைய கேள்வி. கடைசியில், சும்மா ஒரு தகவலாக, இதற்குக் கொஞ்சம் முன்னர் டீசல் ஒழுக்குக்காகப் பம்பைக் கழற்றிப் பூட்டியதாகவும் எழுதியிருந்தார்.

தம்பி, எனக்கு அந்தக் கடைசித் தகவல்தான் முதல் தகவல். கல்லடியில் முப்பது வருடத்துக்கு மேல் டீசல் வண்டிகளோடு கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பம்ப் கழற்றிப் பூட்டிய வண்டியில் அதற்குப் பிறகு கியர் மாற்றம் குழம்பினால், முதலில் பெட்டியைச் சந்தேகிக்கக் கூடாது. பெட்டிக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு கேபிள் ஓடுகிறது. அதைத்தான் பார்க்க வேண்டும். காரை விற்கவும் வேண்டாம், இப்போதைக்குப் பெட்டி வாங்கவும் வேண்டாம்.

அந்தக் கேபிள் ஏன் அவ்வளவு பெரிய விடயம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் காரில் இருக்கிற மாதிரியான பழைய ஓட்டோ கியருக்கு மூளை என்று எதுவும் இல்லை. ஒயில் அழுத்தம்தான் அதன் மூளை. இரண்டு செய்தி அதற்குப் போகிறது. வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது ஒன்று. அதை கவர்னர் என்ற சின்ன உறுப்பு, வீல் சுற்றுகிற வேகத்துக்குத் தக்கபடி ஒயில் அழுத்தமாக மாற்றிச் சொல்கிறது. ஓட்டுகிறவர் எக்சிலேற்றரை எவ்வளவு மிதிக்கிறார் என்பது மற்றது. இந்த இரண்டு அழுத்தமும் ஒரு வால்வின் இரண்டு பக்கமும் நின்று தள்ளுகின்றன. வேகத்தின் பக்கம் வென்றால் மேல் கியர். காலின் பக்கம் வென்றால் கீழ்க் கியரிலேயே நிற்கும். கியர் மாற்றம் என்பது இந்த இழுபறியின் முடிவுதான்.

பெற்றோல் எஞ்சினில் காற்றுப் போகிற வழியை ஒரு தட்டு மறிக்கிறது. அதனால் அதன் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதை அந்த வெற்றிடத்தை வைத்தே அறியலாம், பல வண்டிகளில் அப்படித்தான் அறிகிறார்கள். டீசல் எஞ்சினில் அந்த மறிப்பு இல்லை. காற்று தாராளமாக உள்ளே போகும். பம்ப் விடுகிற டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் எஞ்சின் ஓடுகிறது. ஆகவே காலின் செய்தியை வேறு வழியில் அனுப்ப வேண்டும். ரொயோட்டாக்காரர் பம்பின் லீவரில் இருந்து ஒரு கம்பிக் கேபிளைக் கியர் பெட்டிக்கு இழுத்தார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கிக்டவுன் கேபிள் என்று பெயர்.

பெயரே மனிதரைப் பிழையாக நடத்துகிறது. முந்துவதற்கு முழுக்க மிதிக்கும்போது கீழ்க் கியருக்கு இறக்கத்தான் அந்தக் கேபிள் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால், "அது கொஞ்சம் தளர்ந்தா என்ன, முந்தத்தானே கஷ்டம்" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கேபிள் பெட்டிக்குள் இருக்கிற மொத்த ஒயில் அழுத்தத்தையும் ஆளுகிறது. கால் மிதிக்க மிதிக்க, எஞ்சின் தருகிற பலத்தைத் தாங்குவதற்காகக் கிளட்ச் தட்டுகளை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த இறுக்கத்தைக் கொடுப்பது கேபிள். கேபிள் தளர்ந்து கிடந்தால், நீங்கள் முழுக்க மிதித்தாலும் பெட்டி "ஆள் மெதுவாகத்தான் போகிறார்" என்று எண்ணிக்கொண்டு நேரத்தோடே கியரை மாற்றும், தட்டுகளையும் மெல்லமாகவே பிடிக்கும். எஞ்சினோ முழுப் பலத்தையும் கொடுக்கிறது. தட்டுகள் வழுக்கும், சூடேறும், எரியும். உங்கள் கேள்வியில் இருக்கிற மூன்று குறியும் இதற்குள் அடங்குகிறது: நேரத்தோடே மாறுவது, மாறும்போது சத்தம் மட்டும் ஏறுவது, ஏற்றத்தில் எரிந்த மணம்.

மட்டக்களப்பில் இது வெளியே தெரியாமல் நாள் கணக்கில் ஓடும். கல்லடிப் பாலத்தைவிட்டால் எங்களுக்கு ஏற்றம் என்று ஒன்று இல்லை. சமதரையில் பாதிக் காலில் ஓடுகிற வண்டிக்குக் குறைந்த அழுத்தமே போதும். செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, பிபிலை தாண்டி மலை தொடங்கும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். அதனால் இன்னொரு தரம் மலைப் பக்கம் போகவேண்டாம், கேபிளைப் பார்க்கும்வரை. இதை மன்றாட்டமாகவே கேட்கிறேன், ஏனென்றால் இன்று பிழைத்து நிற்கிற பெட்டி அடுத்த ஏற்றத்தில் செத்துப் போகலாம்.

பார்க்கிற விதம் இதுதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை உள்ளே இருத்தி எக்சிலேற்றரை அடிமட்டம் மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பொனெட்டைத் திறந்து பம்பைப் பாருங்கள். பம்பின் லீவர் போய்த் தன் எல்லை ஸ்குரூவில் முட்டுகிறதா? முட்டவில்லை என்றால் முதல் கோளாறு அங்கேயே இருக்கிறது: கால் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது பெடலுக்குக் கீழே தடித்த மிதியடி கிடக்கலாம். அதைச் சரிசெய்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். லீவர் முழுக்கப் போன நிலையில், கியர் பெட்டிக்குப் போகிற கேபிளின் உள் கம்பியைப் பாருங்கள். அதில் நசுக்கிப் பூட்டிய ஒரு சின்ன மணி இருக்கும். அந்த மணிக்கும் கேபிள் உறையின் றப்பர் முனைக்கும் நடுவில் 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்க வேண்டும். ஒரு விரல் போகிற அளவுக்கு மணி உள்ளேயோ வெளியேயோ நின்றால் பம்பைப் பூட்டியவர் இதைத் தொடவே இல்லை என்று அர்த்தம். உறையைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் தளர்த்தி, இடைவெளியைச் சரிபண்ணி, திரும்ப இறுக்க வேண்டும். இரண்டு ஸ்பனர் போதும், பத்து நிமிட வேலை. பம்பில் கம்பி போட்டு முத்திரை வைத்த ஸ்குரூவை மட்டும் தொடவேண்டாம். அது எஞ்சினின் உச்ச வேகத்தை மட்டுப்படுத்துகிற ஸ்குரூ.

மறுகா, காலை எடுத்ததும் கம்பி தானாகவும் இலகுவாகவும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். உப்புக் காற்று எங்கள் வண்டிகளில் முதலில் தின்பது இப்படியான கேபிள்களையும் பொடியில் பூட்டிய எர்த் வயர்களையும்தான். உறைக்குள் துரு பிடித்துச் சிக்குகிற கேபிளை எண்ணெய் விட்டுச் சமாளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாற்றுவது நல்லது. ஆனால் அதன் மறுமுனை பெட்டிக்குள் ஒரு சின்னச் சக்கரத்தில் கொளுவியிருப்பதால், பெரும்பாலும் பெட்டியின் அடியில் இருக்கிற ஒயில் தட்டை (பான்) கழற்ற வேண்டி வரும். அதை வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வழுக்குகிற பெட்டியோடு வருகிறவருக்குக் கேபிளை அளவுக்கு மேல் இறுக்கிக் கொடுத்து அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அழுத்தம் கூடும், வழுக்கல் கொஞ்ச நாளைக்கு மறையும், காசும் வாங்கிவிடலாம். ஆனால் கியர் பிந்தி மாறும், மாறும்போது உதைக்கும், டீசலும் கூடச் செலவாகும். அளவு 0 முதல் 1 மில்லிமீற்றர். அதற்கு மேல் இறுக்கித்தான் வண்டி ஓடுகிறது என்றால், உள்ளே தட்டு தேய்ந்துவிட்டது என்ற உண்மையை உங்களிடம் மறைக்கிறார்கள்.

கேபிளுக்கு அடுத்தது ஒயில். இதிலும் பிழையாகப் பார்ப்பவர்களே அதிகம். எஞ்சின் ஒயில் பார்க்கிற மாதிரி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பியை இழுத்துப் பார்க்கிறார்கள். நிறுத்தினால், எஞ்சினின் பலத்தை ஒயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துகிற கொன்வேட்டரில் இருக்கிற ஒயிலில் ஒரு பங்கு கீழே இறங்கி, மட்டம் கூடுதலாகக் காட்டும். உள்ளே குறைவாக இருந்தாலும் போதும் என்று நினைத்துவிடுவோம். சரியான முறை: கால் மணி நேரமாவது ஓடி, பெட்டி நன்றாகச் சூடாக வேண்டும். சமமான நிலத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, பிறேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு செக்கன் வைத்து, கடைசியில் பார்க்கில் விடுங்கள். இப்போது கம்பியை இழுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, திரும்பச் செருகிப் பாருங்கள். சூட்டு நிலைக்கான இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் பெட்டிக்குள் இருக்கிற ஒயில் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுற்றுகிற பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் இராது, ஆகவே கூடினாலும் வழுக்கும். இதைச் சொல்லி நம்பவைப்பது கஷ்டம், ஆனால் ஒரு லீற்றர் கூட ஊற்றியதாலேயே "கியர் பெட்டி போச்சு" என்று கொண்டுவந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கம்பியில் வந்த ஒயிலில் இரண்டு துளியை வெள்ளைத் தாளில் விட்டு, பத்து நிமிடம் நிழலில் வையுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. மண்ணிறமாகப் பரவி, மணம் இல்லாவிட்டால் பழசு, அவ்வளவுதான். நடுவில் கறுப்புப் பொடி தங்கி, எரிந்த மணம் அடித்தால் தட்டுகளின் உராய்வுப் பூச்சு கரைந்து வந்திருக்கிறது. வெயிலில் பிடித்தால் மின்னுகிற துகள் தெரிந்தால் உலோகம் தேய்கிறது. இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

தண்ணீர் விடயம் எங்கள் பகுதிக்கு மற்ற ஊர்களைவிட முக்கியம். இரண்டு வழியால் அது வரும். ஒன்று மாரி வெள்ளம். ஓடிச் சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, மேலே இருக்கிற மூச்சுக்குழாயால் தண்ணீரை இழுத்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு கராஜுக்கு வந்த ஓட்டோ வண்டிகளில் ஒயில் பால் நிறத்தில் நின்றதைக் கண்டேன். சில்லு மறைகிற வெள்ளத்தில் ஓடியவை அவை. மற்ற வழி ரெடியேற்றர். கியர் ஒயில் குளிர்வதற்காக ரெடியேற்றரின் அடித் தொட்டிக்குள்ளே இருக்கிற குழாய் வழியாக ஓடுகிறது. வீட்டுக் கிணற்றின் உவர்த் தண்ணீரையும் காவித் தண்ணீரையும் ஊற்றி ஊற்றி அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், ஒயிலும் தண்ணீரும் கலந்துவிடும். தட்டுகளில் ஒட்டிய பூச்சு தண்ணீரில் ஊறிக் கழன்றுவரும். பால் நிற ஒயிலோடு ஒரு கிலோமீற்றரும் ஓடவேண்டாம். ரெடியேற்றருக்குக் கூலன்ற் ஊற்றுங்கள். அது சூட்டுக்கு மட்டும் அல்ல, துருவுக்கும் காவல்.

ஒயிலை மாற்றுவதா, விடுவதா என்று ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. "பழைய பெட்டிக்குப் புது ஒயில் ஊற்றினா அடுத்த நாள் நிண்டுபோகும்" என்பார்கள். அப்படி நின்றவை இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி மருந்தாக ஒயில் மாற்றப்பட்டவை. தட்டு போன பெட்டியை ஒயில் கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. உங்கள் ஒயில் மண்ணிறமாக மட்டும் இருந்தால் மாற்றுங்கள். அடியில் இருக்கிற அந்த ஒயில் தட்டைக் கழற்றி, ஒயில் வடியைக் கழுவி, காந்தத்தில் ஒட்டிய பசையைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். அந்தத் தட்டில் இருந்து வடிவது மொத்த ஒயிலில் பாதிக்கும் குறைவுதான், மிச்சம் கொன்வேட்டரில் நிற்கும். ஆகவே இரண்டு கிழமை ஓடிவிட்டு இன்னொரு தரம் வடித்து ஊற்றுங்கள். இயந்திரம் பூட்டி முழுக்கக் கழுவுவதைப் பழைய பெட்டிக்கு நான் விரும்புவதில்லை. ஒயில் டெக்ஸ்ரோன் வகை. உங்கள் காரின் காலத்துப் பெட்டிகள் டெக்ஸ்ரோன் 2க்குச் செய்தவை, இப்போது கிடைக்கிற டெக்ஸ்ரோன் 3 பொருந்தும். புதிய வண்டிகளில் இருக்கிற சி.வி.ரி. என்ற வேறு வகைப் பெட்டியின் ஒயிலை "எல்லாம் ஓட்டோ ஒயில்தானே" என்று ஊற்ற விடாதீர்கள்.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். கல்முனை வீதியின் நெரிசலில் இது சரிவராது. பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போங்கள். வெல்லாவெளிப் பக்கம் வயலுக்கு நடுவே நேரான வீதி கிடைக்கும். மாடும், வீதியில் காய்கிற நெல்லும் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் எழுத வேண்டும். ஒரே வீதியில் மூன்று ஓட்டம்: முதலில் மெல்லிய காலில், பிறகு பாதிக் காலில், பிறகு முழுக் காலில். ஒவ்வொன்றிலும் ஒன்றில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து மூன்று, மூன்றில் இருந்து ஓவர்ட்ரைவ் எந்த வேகத்தில் மாறுகிறது என்று எழுதுங்கள். எண்ணைவிட ஒழுங்குதான் இங்கே பேசும். கால் அழுத்தமாக மிதிக்க, மாற்றம் பிந்த வேண்டும். மூன்று ஓட்டத்திலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மாறினால் காலின் செய்தி பெட்டிக்குப் போகவில்லை. எவ்வளவு ஓடினாலும் மேல் கியருக்கே போகாவிட்டால் வேகத்தின் செய்தி போகவில்லை; கவர்னர் சிக்கியிருக்கும், அல்லது கேபிள் அளவுக்கு மேல் இறுகியிருக்கும். ஓவர்ட்ரைவுக்குப் பிறகு இன்னும் ஒரு கியர் மாறியது போல எஞ்சின் சத்தம் சற்று இறங்குவது கொன்வேட்டர் பூட்டிக்கொள்வது. அதை ஐந்தாம் கியர் என்று எண்ணிக் குழம்பவேண்டாம்.

ஓவர்ட்ரைவ் மட்டும் விழவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காக்கிற தேர்மொஸ்ரற் இருக்கிறதா என்று. எஞ்சின் சூடேறுகிறது என்றால் அதைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. இந்தப் பெட்டிகள் எஞ்சின் போதியளவு சூடாகும்வரை ஓவர்ட்ரைவை அனுமதிப்பதில்லை. தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கிற ஒரு சுவிட்ச் அதைத் தடுக்கிறது. தேர்மொஸ்ரற் இல்லாத எஞ்சின் ஓட்டத்தில் குளிர்ந்தே நிற்கும், ஓவர்ட்ரைவும் வராது. பெட்டியில் குற்றமே இல்லை.

இப்படிப் பெட்டியின் மேல் விழுகிற பழிகளில் இன்னும் இரண்டு மூன்று உண்டு. லீவரை டிரைவுக்கோ ரிவேர்ஸுக்கோ போடும்போது "டொங்" என்று அடித்தால், பெட்டிக்கு முதல் எஞ்சின் மவுண்டிங்குகளைப் பாருங்கள். டீசல் எஞ்சின் அதிர்வில் அந்த றப்பர் சீக்கிரம் கிழியும். ஐடில் வேகம், அதாவது கால் மிதிக்காதபோது எஞ்சின் ஓடுகிற வேகம், கூடி நின்றாலும் அதே அடி வரும். வண்டி இழுக்காமல், கீழ்க் கியரிலேயே நின்று கத்தினால் டீசல் பில்டரும், அதன் கீழே தண்ணீர் தங்குகிற கிண்ணமும், எயார் பில்டரும், இன்ஜெக்டர்களும் பார்க்கப்பட வேண்டும். எஞ்சின் சோர்ந்தால் கால் ஆழமாக மிதிக்கும். கால் ஆழமாக மிதித்தால் பெட்டி கீழ்க் கியரைத்தான் தரும். அது தன் வேலையைச் செய்கிறது.

கேபிளும் ஒயிலும் சரி, ஆனாலும் கோளாறு தீரவில்லை என்றால், பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன என்று அறிய இரண்டு சோதனை இருக்கிறது. பெட்டி சூடாக இருக்க, ஐடிலில், பிறேக்கை மிதித்தபடி நியூற்றலில் இருந்து டிரைவுக்குப் போடுங்கள். வண்டி சின்னதாக அசைகிறவரை எத்தனை செக்கன் என்று போனில் அளவிடுங்கள். ரொயோட்டாவின் அளவு 1.2 செக்கனுக்கு உள்ளே. நியூற்றலில் இருந்து ரிவேர்ஸுக்கு 1.5 செக்கனுக்கு உள்ளே. ஒவ்வொரு தரமும் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று தரம் பார்த்துச் சராசரி எடுங்கள். இரண்டும் பிந்தினால் பொது அழுத்தம் குறைவு: ஒயில் பம்ப், வடி, அல்லது கேபிள். ஒன்று மட்டும் பிந்தினால் அந்தக் கியரைப் பிடிக்கிற தட்டோ சீலோதான்.

மற்றது ஸ்ரோல் சோதனை. நான்கு சில்லுக்கும் கட்டை வைத்து, கைப் பிறேக்கும் கால் பிறேக்கும் முழுக்கப் பிடித்து, டிரைவில் போட்டு, எக்சிலேற்றரை அடிமட்டம் மிதித்து, எஞ்சின் சுற்று எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஐந்து செக்கனுக்கு மேல் பிடிக்கவே கூடாது, ஒயில் கொதித்துவிடும். முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது. சுற்று புத்தகத்தில் சொன்னதைவிடக் கூடினால் உள்ளே வழுக்குகிறது. குறைந்தால் எஞ்சின் சோர்வு, அல்லது கொன்வேட்டருக்குள் ஒரு திசையில் மட்டும் சுற்ற வேண்டிய கிளட்ச் போய்விட்டது. ஏற்கெனவே எரிந்த மணம் வந்த உங்கள் வண்டியில் இதைச் செய்யவேண்டாம். தெரிந்துகொள்வதற்காகத்தான் சொன்னேன்.

எந்தெந்த இடத்தில் வழுக்குகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். இந்த ரொயோட்டாப் பெட்டிகளில் முன்னால் போகிற எல்லாக் கியருக்கும் ஒரே முன்கிளட்ச்தான். ரிவேர்ஸ் நல்லது, முன்னால் எல்லாமே வழுக்கல் என்றால் அதுதான். மூன்றாம் கியரும் ரிவேர்ஸும் ஒரே கிளட்சைப் பங்கு போடுகின்றன. அந்த இரண்டும் சேர்ந்து போனால் அந்தக் கிளட்ச். டிரைவில் புறப்பட வழுக்குகிறது, ஆனால் கியர் லீவரை "L" என்ற இடத்துக்கு இறக்கினால் நன்றாக இழுக்கிறது என்றால் ஒரு திசைக் கிளட்ச். காலையில் முதல் தரம் போடும்போது மட்டும் பல செக்கன் பிந்தி, பிறகு நாள் முழுக்க நன்றாக ஓடினால், இரவில் கொன்வேட்டர் ஒயில் வடிந்துவிடுகிறது. குளிரில் நன்று, சூட்டில் வழுக்கல் என்றால் சீல்கள் கசிகின்றன அல்லது ஒயில் பம்ப் தேய்ந்துவிட்டது. உங்களுக்கு ஒன்று–இரண்டில் மட்டும் தொங்குகிறது, மூன்றிலும் ரிவேர்ஸிலும் குறை சொல்லவில்லை. இது எனக்கு நம்பிக்கை தருகிறது.

பழைய பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 240டி, 300டி மாதிரியான டபிள்யூ 123 டீசல்களில் காலின் செய்தி இரண்டாகப் பிரிந்து போகிறது. கியர் எப்போது மாறுவது என்பதை ஒரு கேபிள் சொல்கிறது. எவ்வளவு மென்மையாக மாறுவது என்பதை வெற்றிடம் சொல்கிறது. டீசலில் இயல்பான வெற்றிடம் இல்லாததால், எஞ்சின் சுற்றுகிற ஒரு பம்ப் அதை உண்டாக்குகிறது. இன்ஜெக்ஷன் பம்பில் பூட்டிய ஒரு வால்வு, கால் மிதிக்க மிதிக்க அந்த வெற்றிடத்தைக் குறைத்து, பெட்டியில் உள்ள மொடியுலேற்றர் என்ற உறுப்புக்கு அனுப்புகிறது. எங்கேயாவது கசிந்தால் பெட்டி எப்போதும் முழுக் கால் என்றே எண்ணி, ஒவ்வொரு கியரையும் உதைத்து மாற்றும். அதே வெற்றிடம்தான் கதவுப் பூட்டுகளையும், சாவியைத் திருப்பியதும் எஞ்சினை நிறுத்துவதையும் ஆளுகிறது. ஆகவே கியர் உதைக்கிற பென்ஸ்காரரிடம் "சாவியை மூடினால் எஞ்சின் உடனே நிற்கிறதா?" என்று கேட்பேன். ஒருவருடைய 240டியில் பின்கதவுப் பூட்டின் றப்பர்ச் சவ்வு கிழிந்ததே எல்லாவற்றுக்கும் காரணமாக இருந்தது. அதுவரை அவர் இரண்டு கராஜில் பெட்டிக்கு விலை கேட்டு முடிந்திருந்தார். வெளியே ஒழுக்கு இல்லாமல் கியர் ஒயில் குறைந்துகொண்டே போனால் மொடியுலேற்றரின் சவ்வு கிழிந்து, ஒயில் வெற்றிடக் குழாயால் உறிஞ்சப்படுகிறது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் ஈரம் தெரியும்.

கொஞ்சம் பிந்திய டீசல் வான்களில் கேபிளுக்குப் பதிலாகக் கொம்பியூட்டர் இருக்கும். கோளாறு வந்தால் ஓவர்ட்ரைவ் விளக்கு தானாக மின்னும். அந்த வகை ரொயோட்டாவில், ஓவர்ட்ரைவ் பட்டனை இயங்குகிற நிலையில் விட்டு, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு, சோதனைப் பெட்டியில் டி.இ.1, இ.1 என்ற இரண்டு துளையையும் ஒரு வயரால் இணைத்தால், விளக்கு எண்ணாக மின்னும். 42, 61 என்றால் வேகச் சென்சர். 62, 63 என்றால் கியர் மாற்றுகிற சொலனொயிட், அதாவது மின்சாரத்தால் இயங்குகிற வால்வு. 64 என்றால் கொன்வேட்டர் பூட்டு. வயர் முனையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்ததற்கே பெட்டி மாற்றியவர்கள் இருக்கிறார்கள். முதலில் முனைகளைக் கழற்றித் துடையுங்கள்.

உங்கள் காருக்கே திரும்பி வருகிறேன். கேபிளைச் சரிசெய்து, ஒயிலைப் பார்த்து, படுவான்கரையில் மூன்று ஓட்டத்தையும் திரும்ப ஓடுங்கள். புது எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று–இரண்டுத் தொங்கல் போய்விட்டால், ஒயிலை இரண்டு தரம் மாற்றி, இரண்டு மாதம் ஊருக்குள் ஓடிப் பாருங்கள். இலேசாக மிச்சம் இருந்தால் இரண்டாம் கியரின் தட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கும். அதோடும் சமதரையில் நீண்ட நாள் ஓடலாம், பாரம் ஏற்றி மலைக்குப் போகாதவரை. ஒன்றுமே மாறவில்லை என்றால், பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும்.

அப்படி வந்தால், பஞ்சிகாவத்தைக்குப் போக முதல் பொனெட்டின் கீழே உள்ள தகட்டில் கியர் பெட்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். பெற்றோல் கொரோனாவின் பெட்டியை "ஒரே மாதிரித்தான்" என்று தந்தால் வாங்கவேண்டாம். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடுவது. கவர்னரும் பல்விகிதமும் அதற்கென்று அமைந்தவை. மாற்றுகிறவரிடம் ரெடியேற்றர்க் குழாயையும் ஒயில் லைன்களையும் கழுவச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய பெட்டியின் கறுப்புப் பொடி புதுப் பெட்டிக்குள் போகும். கொன்வேட்டர் பம்பின் பல்லில் முழுக்க உட்கார்ந்த பிறகே பெட்டியை எஞ்சினோடு சேர்க்க வேண்டும். போல்ற்றால் இழுத்துச் சேர்த்தால் முதல் ஸ்ராட்டிலேயே பம்ப் உடையும். வாகனத்தைக் கொழும்புக்கோ வேறெங்கோ இழுத்துக்கொண்டு போவதானால் முன் சில்லுகளைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள், எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் ஒயில் சுற்றாது.

பூட்டி முடிந்ததும், சாவியைத் திருப்ப முதல், எக்சிலேற்றரை ஒருவரை அடிமட்டம் மிதிக்கச் சொல்லி அந்த மணியின் இடைவெளியை நீங்களே நின்று பாருங்கள். புதுப் பெட்டியும் அதே பம்ப் லீவரில்தான் கொளுவப்படுகிறது.